பொட்டியும் நானும் - 17: வீடு நாலு, சாவி ஒண்ணு

இங்க ஜெர்மனியில குளிர் ஆரம்பிச்சாச்சு. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடுது. வெளிய போக மனசு வராது, அதனால பொட்டி முன்னாடியே உக்காந்து இந்த வாரத்துப் பதிவு. :-)

விண்டோஸ் பொட்டிய வெச்சுக்கிட்டு அதுக்குள்ள யூனிக்ஸ் கருவிகளை ஓட்டுற ஆளா நீங்க? அதாவது சிக்வின், கிட் பாஷ், எம்சிஸ்2, டபிள்யூஎஸ்எல்... இதுல ஏதாவது ஒண்ணு? அப்போ இது உங்களுக்குத்தான். மாஸ்டர்ஸ் பண்ற நம்ம பசங்க பாதிப் பேர் இந்த ரகம்தான். ஊர்லேந்து வரும்போது வாங்கிட்டு வந்த லேப்டாப்புல விண்டோஸ் இருக்கும். படிப்புல சொல்லித் தர்றது எல்லாம் லினக்ஸ். ரெண்டுக்கும் நடுவுல பாலம் போடத்தான் இந்தக் கருவிகள்.

பாலம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு விஷயத்துல எல்லாருக்கும் கால் இடறும். ஒண்ணு, "என் ஹோம் டைரக்டரி எங்க இருக்கு?" இன்னொண்ணு, "இந்த ஃபைலை யார் யார் படிக்கலாம்?" சுருக்கமா சொன்னா வீடும் பூட்டும். இந்த ரெண்டுக்கும் உங்க திரையில தெரியுற பதில் உண்மையான பதிலா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. இன்னிக்கு மேட்டர் அதுதான்.

(வழக்கம்போல கமாண்டை எல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதுறேன். அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.)

ஒன்பது விளக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும்

யூனிக்ஸ் 1969-ல பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஆரம்பிச்சது. அவங்க வெச்ச அனுமதி முறை ரொம்ப சிம்பிள். ஒரு ஃபைலுக்கு மூணு வகை ஆளுங்க: சொந்தக்காரர், குழு, மத்தவங்க. ஒவ்வொரு வகைக்கும் மூணு உரிமை: படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். மூணு மூணு ஒன்பது. ஒன்பது சின்ன விளக்குன்னு வெச்சுக்கோங்க, எரியுதா இல்லையா, அவ்ளோதான்.

படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிக்க வேண்டியதுதான். 644-ன்னா எனக்குப் படிக்க எழுத, மத்தவங்களுக்குப் படிக்க மட்டும். 600-ன்னா எனக்கு மட்டும், ஊர்ல வேற யாருக்கும் இல்ல. 755 ஸ்க்ரிப்டுக்கும் டைரக்டரிக்கும் வழக்கமா வர்றது. டைரக்டரிக்கு 'இயக்க' உரிமைன்னா உள்ள நுழையுற உரிமை. அது இல்லைன்னா உள்ள இருக்கற ஃபைலுக்கு என்ன அனுமதி குடுத்திருந்தாலும் வாசல்லயே நின்னுக்கணும்.

விண்டோஸ் கதை வேற. டாஸ் காலத்துல பூட்டே கிடையாது. 'படிக்க மட்டும்', 'மறைச்சு வை' மாதிரி ரெண்டு மூணு குறிதான். 1993-ல விண்டோஸ் என்டி 3.1 வந்தப்பதான் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டமும் அதோட ஏசிஎல்-உம் வந்துச்சு. ஏசிஎல்-ன்னா கல்யாண மண்டப வாசல்ல ஒரு ஆள் நோட்டுப் புத்தகம் வெச்சுக்கிட்டு நிப்பாரு பாருங்க, அது மாதிரி. இவரை விடு, அவரை விடாதே, இந்தக் குழுவுல இருக்கறவங்க பாக்கலாம், தொடக்கூடாது... எத்தனை வரி வேணும்னாலும் எழுதிக்கலாம். மேல இருக்கற ஃபோல்டர்ல எழுதின வரிகள் கீழ இருக்கற ஃபைலுக்கும் தானா இறங்கி வரும். வாரிசு சொத்து மாதிரி. யூனிக்ஸ்ல அந்த வழக்கம் இல்ல. அங்க புது ஃபைல் எந்த அனுமதியோட பிறக்கணும்னு அதை உண்டாக்குற ப்ரோக்ராமும் யூமாஸ்க்குங்கற எண்ணும் முடிவு பண்ணும்.

இன்னொரு வித்தியாசம். யூனிக்ஸ்ல ஃபைலுக்குச் சொந்தக்காரர் ஒரு ஆள்தான். விண்டோஸ்ல ஒரு குழுவே சொந்தக்காரரா இருக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்ங்கற குழுவுக்குச் சொந்தமான ஃபைல்களை நிறைய இடத்துல பாக்கலாம்.

இப்போ யோசிங்க. நோட்டுப் புத்தகத்துல எட்டு வரி எழுதியிருக்கு. அதை ஒன்பது விளக்குல காட்டணும். எப்படிக் காட்டுறது? முழுசா முடியாது. ஏதோ ஒண்ணை விடணும், இல்லைன்னா ஏதோ ஒண்ணை நடிக்கணும். சிக்வின், கிட் பாஷ், டபிள்யூஎஸ்எல் மூணும் இந்த மொழிபெயர்ப்பைத்தான் பண்ணுது. மூணும் மூணு விதமா பண்ணுது.

வீடு எத்தனை?

முதல்ல வீட்டு விஷயத்தை முடிச்சுடுவோம். ஷெல்லுல ~ போட்டா வீட்டுக்குப் போகும், சரி. எந்த வீட்டுக்கு?

விண்டோஸ் வீடு சி:\யூசர்ஸ்\ங்கறதுக்குக் கீழ உங்க பேர்ல இருக்கும். ஆனா முழுப்பேர்ல இருக்குமான்னா, மைக்ரோசாஃப்ட் கணக்கு வெச்சு பொட்டியை முதல்முறை தொறந்திருந்தா, ஈமெயில் முகவரியோட முதல் அஞ்சு இங்கிலீஷ் எழுத்துதான் ஃபோல்டர் பேரு. கார்த்திகேயன் 'கார்த்'தோட நின்னுடுவாரு. மீனாட்சிசுந்தரம் 'மீனா' ஆயிடுவாரு. ஹி ஹி. ஆனா இதுல ஒரு லாபமும் இருக்கு. இனிஷியல், இடைவெளி, பேருன்னு உள்ளூர்க் கணக்கு வெச்சிருக்கறவங்க வீட்டுப் பாதையில நடுவுல ஒரு இடைவெளி வந்துடும். பழைய மேக்ஃபைலும் ஷெல் ஸ்க்ரிப்டும் அந்த இடைவெளியில ரெண்டாப் பிளந்து விழும்.

ஜெர்மன் விண்டோஸ்ல இன்னொரு கூத்து. எக்ஸ்ப்ளோரர்ல பாத்தா அந்த ஃபோல்டர் பேரு 'பெனுட்சர்'னு தெரியும். ஜெர்மன்ல பயனர்கள்னு அர்த்தம். ஆனா டிஸ்க்குல உண்மையான பேரு யூசர்ஸ்தான். பெனுட்சர்ங்கறது மேல ஒட்டின லேபிள். ஷெல்லுல பெனுட்சர்னு அடிச்சுத் தேடினா அப்படி ஒரு ஃபோல்டரே இல்லைன்னு சொல்லிடும்.

ரெண்டாவது வீடு சிக்வினோடது. சிக்வின் 1995-ல சிக்னஸ் கம்பெனியில ஸ்டீவ் சேம்பர்லின் ஆரம்பிச்சது. அது தனக்குன்னு ஒரு குட்டி யூனிக்ஸ் மரத்தையே வெச்சிருக்கு. அங்க வீடுன்னா வழக்கமா சி:\சிக்வின்64\ஹோம்\ கீழ இருக்கும். மூணாவது எம்சிஸ்2. அதுவும் சிக்வின் வம்சம்தான், ஆனா தனி மரம், தனி ஹோம். கிட் பாஷ் எம்சிஸ்2-லேந்து வந்ததுதான், ஆனா அது விண்டோஸ் வீட்டையே தன் வீடா எடுத்துக்கும்.

நாலாவது டபிள்யூஎஸ்எல். 2016 ஆகஸ்டுல விண்டோஸ் 10-ல வந்தது. 2020-ல வந்த ரெண்டாம் பதிப்புல உள்ள உண்மையான லினக்ஸ் கெர்னலே ஓடுது. அதோட வீடு ஒரு பெரிய ஒத்தை டிஸ்க் ஃபைலுக்குள்ள, எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துல இருக்கு. உங்க சி டிரைவ் அங்கேந்து பாத்தா /எம்என்டி/சி-யா தெரியும்.

ஆக ஒரே லேப்டாப்புல நாலு வீடு. ஒரு வீட்டுல செட்டிங்ஸ் ஃபைல் எழுதிட்டு இன்னொரு வீட்டுல நின்னுக்கிட்டு "ஏன் வேலை செய்யல?"ன்னு தலையைப் பிச்சுக்கறவங்க எவ்ளோ பேர்!

இதுல யுனிவர்சிட்டி பொட்டின்னா அஞ்சாவதா ஒண்ணு சேரும். பல இடத்துல நெட்வொர்க் டிரைவ் ஒண்ணைத்தான் உங்க வீடுன்னு செட் பண்ணி வெச்சிருப்பாங்க. கிட் என்ன பண்ணும்னா, ஹோம்ங்கற மாறி இருந்தா அதை எடுத்துக்கும். இல்லைன்னா அந்த நெட்வொர்க் வீடு கிடைக்குதான்னு பாக்கும். அதுவும் கிடைக்கலைன்னா சி டிரைவ் வீட்டுக்கு வந்துடும். அதாவது அதே லேப்டாப்பை கேம்பஸ்ல தொறந்தா ஒரு வீடு, விபிஎன் போடாம ரூம்ல தொறந்தா வேற வீடு! "காலையில வேலை செஞ்சது, ராத்திரி செய்யல"ங்கற புலம்பலுக்குப் பாதி காரணம் இது.

இதுல ஒரு குட்டி நுணுக்கம். சிக்வின்ல ஹோம் மாறியை மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைப்பீங்க. பாஷ் கேக்கும். ஆனா எஸ்எஸ்எச் கேக்காது. அது மாறியைப் பாக்காம, பயனர் பட்டியல்ல உங்க வீடுன்னு என்ன எழுதியிருக்கோ அங்கதான் போய் சாவியைத் தேடும். சிக்வின்ல வீட்டை நிஜமாவே மாத்தணும்னா /ஈடிசி கீழ இருக்கற என்எஸ்ஸ்விட்ச் டாட் கான்ஃப் ஃபைல்ல டிபி_ஹோம் வரியை மாத்தணும். அங்க 'விண்டோஸ்'னு போட்டா ரெண்டு வீடும் ஒண்ணாயிடும். 2015-லேந்து இந்த வசதி இருக்கு.

சத்தம் நின்னுச்சு, பூட்டு விழல

இப்போ பூட்டுக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத வெச்ச கதையும் இதுதான்.

எங்க லேப்ல ஒரு தம்பி. திருநெல்வேலிக்காரன், இந்த வருஷம்தான் மாஸ்டர்ஸ் சேந்திருக்கான். தீசிஸ் சிமுலேஷன் எல்லாம் யுனிவர்சிட்டி கிளஸ்டர்ல ஓடும். அதுக்குள்ள போக எஸ்எஸ்எச் சாவி வேணும். லேப்ல பொதுவா வெச்சிருக்கற விண்டோஸ் பொட்டியில, பத்துப் பதினைஞ்சு பேர் ஆளுக்கொரு கணக்குல மாறி மாறி உக்கார்ற பொட்டியில, சாவியை வெச்சு உள்ள போகப் பாத்திருக்கான். விண்டோஸோட கூடவே வர்ற எஸ்எஸ்எச் கத்த ஆரம்பிச்சிடுச்சு. "பாதுகாப்பில்லாத சாவி ஃபைல், அனுமதி ரொம்பத் தொறந்து கிடக்கு, இந்தச் சாவியை நான் பயன்படுத்த மாட்டேன்"னு.

பையன் கிட் பாஷைத் தொறந்து சிஎச்மாட் 600 அடிச்சிருக்கான். பிழை ஒண்ணும் வரல. எல்எஸ் -எல் போட்டா அதே பழைய 644-தான் காட்டுது. சரி போகட்டும்னு கிட் பாஷ்லேந்தே எஸ்எஸ்எச் போட்டுப் பாத்திருக்கான். உள்ள போயிடுச்சு! ஓடி வந்து, "அண்ணா, வேலை செய்யுது! அந்த விண்டோஸ் எஸ்எஸ்எச்தான் சும்மா படுத்துது போல"ன்னான்.

சாவியை எங்கடா வெச்சிருக்கேன்னு கேட்டேன். "சி டிரைவ்ல சாவின்னு ஒரு ஃபோல்டர் போட்டு வெச்சிருக்கேண்ணா, ஈசியா எடுக்கலாம்ல"ன்னான்.

இங்கதான் விஷயம் இருக்கு. சி டிரைவோட உச்சியில நீங்களா ஒரு ஃபோல்டர் தொறந்தா, விண்டோஸ் வழக்கப்படி அதுக்கு மேலேந்து இறங்குற வரிகள்ல ஒண்ணு என்ன தெரியுமா? "இந்தப் பொட்டியில லாகின் பண்ணின எல்லாருக்கும் மாத்துற உரிமை உண்டு." படிக்க மட்டும் இல்ல, மாத்தவும்! அந்த லேப்ல உக்கார்ற அத்தனை பேரும் அவன் சாவியை காப்பி எடுக்கலாம், அழிக்கலாம், அவன் பேர்ல கிளஸ்டருக்குள்ள போகலாம். விண்டோஸ் எஸ்எஸ்எச் அதை நோட்டுப் புத்தகத்துல நேரா படிச்சுப் பாத்துட்டுத்தான் கத்துச்சு. அது சும்மா படுத்தல, சரியாத்தான் சொல்லுச்சு.

அப்போ கிட் பாஷ் ஏன் சும்மா இருந்துச்சு? கிட் பாஷ் சி டிரைவை 'நோஏசிஎல்'ங்கற முறையில மவுண்ட் பண்ணும். அதாவது விண்டோஸோட நோட்டுப் புத்தகத்தை நான் பாக்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன்னு அர்த்தம். எல்எஸ் -எல்-ல தெரியுற அந்த 644 நடிப்பு. ஃபைலோட 'படிக்க மட்டும்' குறியைப் பாத்து, முதல் சில எழுத்துகளைப் பாத்து, இது ஸ்க்ரிப்டா இல்லையான்னு ஊகிச்சு விளக்கை ஏத்துது. சிஎச்மாட் போட்டா அந்த 'படிக்க மட்டும்' குறி ஒண்ணைத்தான் மாத்த முடியும். 600-க்கு அங்க மாத்த ஒண்ணுமே இல்ல, அதனால சத்தமில்லாம "சரி"ன்னு சொல்லிட்டு ஒண்ணும் பண்ணாது.

எஸ்எஸ்எச்-ஐ எழுதினவங்களுக்கும் இது தெரியும். அதனால சிக்வின் வம்சத்துக்கான எஸ்எஸ்எச்-ல ஒரு வரி சேத்திருக்காங்க: ஃபைல் இருக்கற இடத்துல அனுமதி உண்மையா இருக்கான்னு முதல்ல கேளு, உண்மை இல்லைன்னா சோதனையையே விட்டுடு. நியாயம்தான். பொய்யான விளக்கைப் பாத்து சாவியைத் தள்ளினா விண்டோஸ்ல ஒருத்தனாலயும் எஸ்எஸ்எச் போட முடியாது. ஆனா நமக்கு அதோட விளைவு என்ன? பூட்டு போட்டிருந்தாலும் சத்தம் இல்ல, பூட்டே இல்லைன்னாலும் சத்தம் இல்ல.

தம்பிகிட்ட நான் சொன்னது இவ்ளோதான்: "எச்சரிக்கை நின்னா பிரச்சனை போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லடா. காவக்காரனுக்குக் கண்ணைக் கட்டிட்டா அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

சாவி மூணு நாள் அங்க கிடந்திருக்கு. அதை யாராவது காப்பி எடுத்தாங்களா? கண்டுபிடிக்க வழியே இல்ல. தனியா தணிக்கை எதுவும் போட்டு வெக்காத வரைக்கும் யார் எந்த ஃபைலைப் படிச்சாங்கன்னு விண்டோஸ் எழுதி வெக்காது. அதனால அந்தச் சாவி செத்துடுச்சுன்னு முடிவு பண்ணிட்டோம். புது சாவி உண்டாக்கி, கிளஸ்டர்ல ஆத்தரைஸ்டு_கீஸ் ஃபைல்ல பழைய வரியை அழிச்சு, புது வரியைப் போட்டான். அங்க அவன் ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல இவனோட வேலை மட்டும் இல்ல, கூட இருக்கற நாலு பேரோட ரிசல்ட்டும் இருக்கு. ஒரு சீனியரோட ஒரு வருஷ வேலை அது. ஒரு மணி நேர வேலையை மிச்சம் பிடிக்க அதை யார் பணயம் வெப்பாங்க?

டபிள்யூஎஸ்எல்-ல என்ன கதை?

டபிள்யூஎஸ்எல்-ல நடிப்பு வேற மாதிரி. /எம்என்டி/சி கீழ இருக்கற ஃபைல் எல்லாம் வழக்கமா 777-னு காட்டும், எல்லாருக்கும் எல்லாம். அங்க ஓடுறது அசல் லினக்ஸ் எஸ்எஸ்எச், அதுக்கு விண்டோஸ் இரக்கம் எல்லாம் கிடையாது. 777 சாவியைப் பாத்தவுடனே "முடியாது போ"ன்னுடும். சிஎச்மாட் 600 போட்டா பிழை வராது, ஆனா மாறவும் மாறாது.

இதுக்கு வலையில கிடைக்கற மருந்து: /ஈடிசி/டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃப் ஃபைல்ல ஆட்டோமவுண்ட் பகுதியில 'மெட்டாடேட்டா'ன்னு சேத்து, டபிள்யூஎஸ்எல்-ஐ முழுசா நிறுத்தித் திரும்பத் தொறக்கறது. அதுக்கப்புறம் சிஎச்மாட் வேலை செய்யும். எல்எஸ் -எல் அழகா 600 காட்டும், எஸ்எஸ்எச்-உம் சந்தோஷமா சாவியை எடுத்துக்கும்.

ஆனா கவனிங்க மக்களே. அந்த 600 எங்க எழுதியிருக்கு? ஃபைலோட ஒட்டின கூடுதல் குறிப்புல, லினக்ஸ் பக்கத்துக்குன்னு தனியா. விண்டோஸோட நோட்டுப் புத்தகத்துல ஒரு வரியும் மாறல! விண்டோஸ் பக்கத்துலேந்து வர்ற ஆளுக்கு அந்த 600 கண்ணுக்கே தெரியாது. நம்ம தம்பியோட ஃபோல்டர் மாதிரி இடத்துல சாவி இருந்தா, லினக்ஸ்ல 600, விண்டோஸ்ல தொறந்த வீடு.

அதனால டபிள்யூஎஸ்எல்-ல சாவியை லினக்ஸ் வீட்டுக்குள்ளயே, அதாவது ~ கீழ டாட் எஸ்எஸ்எச் டைரக்டரிக்குள்ள வெச்சுடுங்க. அது எக்ஸ்ட்4. அங்க ஒன்பது விளக்கும் லினக்ஸுக்குள்ள நிஜமான விளக்கு. அந்த டிஸ்க் ஃபைலே விண்டோஸ்ல உங்க சொந்த வீட்டுக்குள்ள இருக்கறதால, வெளியாளுக்கும் வழி இல்ல. அதோட /எம்என்டி/சி வழியா ஃபைல்களைத் தொடுறது ரெண்டாம் பதிப்புல மெதுவாவும் இருக்கும். கோடு, டேட்டா எல்லாத்தையும் லினக்ஸ் வீட்டுல வெக்கறது அதுக்கும் நல்லது.

சிக்வின்? அது தன்னோட மரத்துக்குள்ள நடிக்காது. அங்க சிஎச்மாட் 600 போட்டா உண்மையாவே நோட்டுப் புத்தகத்துல வரி எழுதும். அதுல ஒரு பக்க விளைவு: யூனிக்ஸ் ஒழுங்கை அப்படியே எழுதணும்னா சில சமயம் விண்டோஸ் விரும்புற வரிசையை மீறித்தான் எழுதணும். அப்போ எக்ஸ்ப்ளோரர்ல அந்த ஃபைலோட பாதுகாப்புப் பக்கத்தைத் தொறந்தா "அனுமதிகள் தப்பான வரிசையில இருக்கு, சரி பண்ணட்டுமா?"ன்னு கேக்கும். பெருந்தன்மையா ஆமான்னு அழுத்திடாதீங்க, அர்த்தமே மாறிடும். சிக்வின் ஃபைலை சிக்வினுக்குள்ளேந்தே மாத்துங்க.

இன்னொரு கேள்வி நிறைய பேர் கேப்பாங்க: எல்எஸ் -எல்-ல குழு பேருக்குப் பதிலா 197121-னு ஏதோ எண் வருதே, அது என்ன, வைரஸா? :-) இல்லீங்க. விண்டோஸ்ல ஒவ்வொரு ஆளுக்கும் குழுவுக்கும் எஸ்-1-5-21-னு ஆரம்பிக்கற நீளமான அடையாள எண் உண்டு. அதோட கடைசித் துண்டை எடுத்து 196608-ஓட கூட்டினா யூனிக்ஸ் பக்கத்து எண். உள்ளூர்க் கணக்குகளோட வழக்கமான குழுவுக்குக் கடைசித் துண்டு 513, கூட்டினா 197121. உங்க கணக்குக்கு 1001-னு இருந்தா 197609. கணக்கு சரியாத்தான் வருது பாருங்க.

சரி, என்னதான் பண்றது?

ஒண்ணு: எந்த வீட்டுல நிக்கறீங்கன்னு முதல்ல கேளுங்க. ஷெல் தொறந்ததும் ~ போய் பிடபிள்யூடி அடிங்க. கிட் பாஷ், எம்சிஸ்2, சிக்வின்ல சிக்பாத் -டபிள்யூ ~ அடிச்சா அந்த வீட்டோட விண்டோஸ் முகவரி வரும். டபிள்யூஎஸ்எல்-ல அதுக்கு டபிள்யூஎஸ்எல்பாத் -டபிள்யூ.

ரெண்டு: விண்டோஸ் பக்கத்துல சாவியை உங்க யூசர்ஸ் வீட்டுக்குள்ள டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டர்லயே வெச்சுக்கோங்க. அந்த வீடு பிறக்கும்போதே நீங்க, சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் மூணு பேருக்கு மட்டும்தான் தொறக்கும். சி டிரைவ் உச்சி வேணாம். பென்டிரைவும் வேணாம். அதுல வழக்கமா இருக்கற ஃபேட், எக்ஸ்ஃபேட் ரகத்துக்குப் பூட்டே கிடையாது.

மூணு: விண்டோஸ்ல உண்மை தெரியணும்னா எல்எஸ்-கிட்ட கேக்காதீங்க, ஐகேக்கல்ஸ்கிட்ட கேளுங்க. ஐ-சி-ஏ-சி-எல்-எஸ். அதை அடிச்சு ஃபைல் பேரைப் போட்டா நோட்டுப் புத்தகத்தை அப்படியே வாசிக்கும். பூட்டணும்னா அதே கமாண்டோட /இன்ஹெரிட்டன்ஸ்:ஆர் சேத்து வாரிசு வரிகளை வெட்டி, /கிராண்ட்:ஆர் போட்டு உங்க பேருக்கு மட்டும் உரிமை குடுங்க. ரெண்டையும் ஒரே வரியில குடுங்க. வெட்டிட்டுக் குடுக்க மறந்தா உங்களுக்கே தொறக்காது. பதறாதீங்க, சொந்தக்காரருக்கு நோட்டுப் புத்தகத்தைத் திருத்துற உரிமை அப்பவும் இருக்கும்.

நாலு: இது ஜெர்மனியில இருக்கறவங்களுக்கு. இணையத்துல பாத்த கமாண்டுல யூசர்ஸ், எவ்ரிஒன்னு குழு பேர் இருந்தா ஜெர்மன் விண்டோஸ் அதைக் கண்டுக்காது. இங்க அது பெனுட்சர், யேடர். பேருக்குப் பதிலா நட்சத்திரக் குறி போட்டு அடையாள எண்ணைக் குடுத்தா எந்த மொழி விண்டோஸ்லயும் வேலை செய்யும். யூசர்ஸ் குழுவுக்கு எஸ்-1-5-32-545, எவ்ரிஒன்னுக்கு எஸ்-1-1-0. ஃபிரான்ஸ், ஜப்பான் பசங்களும் குறிச்சு வெச்சுக்கோங்க.

அஞ்சு: எதுவா இருந்தாலும் 777 போட்டுப் பாக்கற பழக்கத்தை விடுங்க. கிளஸ்டர் பக்கத்துல அது எதிர்மாறா வேலை செய்யும். உங்க ஹோம் டைரக்டரியோ டாட் எஸ்எஸ்எச்-ஓ மத்தவங்க எழுதுற மாதிரி இருந்தா, எஸ்எஸ்எச் சர்வர் வழக்கமான செட்டிங்ல உங்க சாவியையே நம்பாது. காரணத்தை உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது. திடீர்னு பாஸ்வேர்ட் கேக்கும், அவ்ளோதான். ஹோம் எழுதுற உரிமை உங்களுக்கு மட்டும், டாட் எஸ்எஸ்எச் 700, சாவி 600.

ஆறு: கிட்டை நம்பி அனுமதியை அனுப்பாதீங்க. கிட் சாதா ஃபைலுக்கு 644, 755 ரெண்டைத்தான் ஞாபகம் வெச்சுக்கும். 600 அங்க தங்காது. விண்டோஸ்லேந்து கமிட் பண்ணின ஸ்க்ரிப்ட் கிளஸ்டர்ல "அனுமதி இல்லை"ன்னு நின்னா, கிட் அப்டேட்-இண்டெக்ஸ் --சிஎச்மாட்=+எக்ஸ் போட்டு கமிட் பண்ணுங்க, தீந்துச்சு.

ஏழு: சாவிக்கு ஒரு பாஸ்ஃப்ரேஸ் போடுங்க. பொதுப் பொட்டின்னா கட்டாயம். எந்த அனுமதி போட்டாலும் அந்தப் பொட்டியோட அட்மினுக்கு அது தடை இல்ல, யூனிக்ஸ்ல ரூட் மாதிரிதான். பூட்டு தோத்தாலும் பாஸ்ஃப்ரேஸ் நிக்கும்.

இவ்ளோதான் மக்களே. ஒன்பது விளக்கும் நல்ல முறை, நோட்டுப் புத்தகமும் நல்ல முறை. ரெண்டுல எதையும் திட்ட வேண்டியதில்ல. நடுவுல நிக்கற மொழிபெயர்ப்பாளர் எதைச் சொல்றாரு, எதை விடுறாருன்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டா போதும். உங்க லேப்டாப்புல சாவி எந்த வீட்டுல இருக்குன்னு இன்னிக்கே ஒரு தடவை ஐகேக்கல்ஸ் போட்டுப் பாத்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்த வாரம்: விண்டோஸ்ல எழுதின ஸ்க்ரிப்டுல ஒவ்வொரு வரி முடிவுலயும் ஒளிஞ்சிருக்கற அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்து. தம்பி அதுலயும் மாட்டியிருக்கான், அவன் சம்மதத்தோடதான் எழுதுறேன். :-) வரட்டா!